எட்டு நொடி மிச்சம்

பேசுகிறவர் "அவையோர்க்கு வணக்கம்" என்று சொல்லி முடிக்கும்வரை ராஜப்பன் பொத்தானை அழுத்த மாட்டார். வணக்கம் பேச்சில் சேராது என்பது அவராக வகுத்துக்கொண்ட சட்டம். அடுத்த சொல் வாயிலிருந்து வரும்போதுதான் கட்டைவிரல் ஸ்டாப் வாட்ச்சின் தலையை அமுக்கும். பிறகு தலையை இடது தோள்பக்கம் சாய்த்துக்கொண்டு, வாயை லேசாகத் திறந்துவைத்துக் கேட்க ஆரம்பிப்பார். மூன்று நிமிடம் ஆனால் மணியை ஒருமுறை அடிப்பார், நான்கு நிமிடம் ஆனால் இருமுறை. தொண்டை நடுங்கப் பேசும் பிள்ளைகள் என்றால் பித்தளைக் கைமணியின் நாக்கை விரலால் தடுத்து, வலிக்காமல் அடிப்பார். ஆனால் ஒரு நொடி தள்ளி அடிக்க மாட்டார்.

தருமபுரிக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கலைக்கல்லூரியில் வேதியியல் ஆய்வக உதவியாளர் அவர். பியூரெட் கழுவுவது, அமிலம் அளந்து ஊற்றுவது, உடைந்த கண்ணாடியைப் பொறுக்குவது அவருடைய வேலை. சில்வர் நைட்ரேட் பட்டுப் பட்டு வலக்கை விரல்நுனிகள் கறுத்துப்போயிருக்கின்றன. பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் பட்டிமன்றத்துக்கு என்று ஆய்வகத்தின் ஸ்டாப் வாட்ச்சை இரவல் கேட்டார்கள். பொருள் தொலைந்தால் தன் தலையில் விழும் என்று ராஜப்பனும் கூடவே போனார். அன்றைக்கு மேடை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். கல்லூரியில் எந்த விவாதம் நடந்தாலும் நேரம் பார்ப்பது இன்றுவரை அவர்தான்.

பத்தொன்பது வருடம் இப்படி உட்கார்ந்ததில் அவருக்கு ஒரு சிக்கல் வந்து சேர்ந்தது. கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் சரி என்று அவருக்குத் தோன்றிவிடும். அடுத்தவர் எழுந்து நான்கு நிமிடம் பேசினால் அது மாறிவிடும். "அதுவும் சரிதானுங்களே" என்று அவர் சொல்லாத நாள் கிடையாது. அவர் ஊரான பென்னாகரத்துப் பஸ் நிலைய டீக்கடையில் அவரோடு வாதம் செய்ய யாரும் வருவதில்லை. செய்து என்ன பயன்? ஒருமுறை தேர்தலில் வாக்குப்பதிவு இயந்திரத்துக்கு முன்னால் அவர் நின்ற நேரத்தைப் பார்த்து, அதிகாரி எழுந்து வந்து, "உடம்புக்கு முடியலையாங்க?" என்று கேட்டார்.

அவர் மனைவி செல்லி அப்படி இல்லை. எதற்கும் ஒரே வாக்கியம்தான். அந்த வாக்கியத்தோடு அந்த விஷயம் முடிந்துவிடும்.

போன பங்குனியில் கல்லூரியில் விவாதப்போட்டி நடந்தது. அரசியல் அறிவியல் துறையின் நிர்மலா மேடம் தலைப்பு கொடுத்திருந்தார்: ஒன்றியத்திலிருந்து பிரிந்துபோகும் உரிமை மாநிலங்களுக்கு வேண்டுமா, வேண்டாமா? யார் எந்தப் பக்கம் என்பது சீட்டு எடுத்துத்தான் தெரியும். சீட்டுகளைச் சுருட்டி பீக்கரில் போட்டு நீட்டியவர் ராஜப்பன். இரண்டாம் ஆண்டு வரலாறு படிக்கும் மலர்விழி சீட்டைப் பிரித்துப் பார்த்து, "அய்யய்யோ" என்றாள். காரிமங்கலம் பக்கத்துப் பெண். "வேண்டாம்" என்று பேசத்தான் ஒரு வாரமாக மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். சீட்டில் "வேண்டும்" என்று இருந்தது.

பத்து நிமிட அவகாசத்தில் வராந்தாவில் முன்னும் பின்னும் நடந்து முணுமுணுத்துவிட்டு வந்து, மேடையில் ஏறி அவள் பேசியதை ராஜப்பன் அப்படியே சொல்வார். ஒரு வீட்டில் கதவு இருந்தால்தான் உள்ளே இருப்பவரை மரியாதையாக நடத்துவார்கள் என்றாள். கதவைத் திறந்துகொண்டு யாரும் போக வேண்டியதில்லை, திறக்கக்கூடிய கதவு ஒன்று இருந்தால் போதும், சாப்பாட்டுத் தட்டு வேளைக்கு வரும் என்றாள். வெளியே போக முடியாதவன் உள்ளே இருக்கிறான் என்பதை வைத்து அவனுக்கு அந்த வீடு பிடித்திருக்கிறது என்று எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டாள். ராஜப்பனின் தலை இடது தோளில் முழுதாகச் சாய்ந்துவிட்டது. பிரிந்துபோகும் உரிமை கட்டாயம் வேண்டும் என்று அவருக்குப் பட்டது.

அடுத்து வணிகவியல் இறுதியாண்டு அருள்குமார் எழுந்தான். எப்போது வேண்டுமானாலும் கிளம்பிவிடுவேன் என்று சொல்கிறவனோடு சேர்ந்து கிணறு வெட்டுவீர்களா என்று கேட்டான். பாதி ஆழத்தில் அவன் கயிற்றை விட்டுவிட்டுப் போனால் கீழே இருப்பவன் கதி என்ன? மாநிலம் பிரியலாம் என்றால் நாளைக்கு மாவட்டம் கேட்கும், மறுநாள் தாலுகா கேட்கும், எங்கே நிறுத்துவீர்கள்? பெரும்பான்மை பிரிந்துபோகட்டும், அந்த மாநிலத்திலேயே பிரிய விரும்பாத சிறுபான்மை எந்தக் கதவைத் தட்டும்? ராஜப்பனுக்கு வியர்த்தது. இந்த உரிமை கூடவே கூடாது.

இரண்டு பேரில் யாருக்குப் பரிசு என்பதுகூட அன்று அவர் மனத்தில் ஏறவில்லை. அருள்குமாருக்குத்தான் கிடைத்தது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இண்டூர் தாண்டும்வரை "கூடாது" என்று இருந்தார். அப்புறம் கிருஷ்ணகிரி ஞாபகம் வந்தது. ஒரு காலத்தில் தருமபுரியே சேலத்திலிருந்து பிரிந்ததுதான், பிறகு கிருஷ்ணகிரி இதிலிருந்து பிரிந்தது, யாருக்கு என்ன ஆயிற்று? பென்னாகரத்தில் இறங்கும்போது மறுபடியும் குழம்பியிருந்தார்.

நான்காம் நாள் வந்தது வினை. மலர்விழியின் பேச்சிலிருந்து முப்பத்தைந்து நொடியை யாரோ வெட்டி எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். "பிரிந்துபோகும் உரிமை எங்களுக்கு வேண்டும்" என்று அவள் கையை உயர்த்திச் சொல்லும் இடம் அது. கீழே ஒரு வரி: கல்லூரியில் நாட்டைத் துண்டாடப் பாடம். அதில் சீட்டு எடுத்த காட்சியும் இல்லை, அருள்குமாரும் இல்லை. பிரின்சிபாலுக்கு எங்கெங்கோ இருந்து போன் வந்தது. பயந்துபோன அவர் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்து, அது முடியும்வரை மலர்விழி கல்லூரிக்கு வரக்கூடாது என்று உத்தரவு போட்டார். செமஸ்டர் பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. அவளுடைய அப்பா தக்காளி லோடு ஏற்றும் சட்டையோடு வந்து, பிரின்சிபால் அறை வாசலில் இரண்டு மணி நேரம் நின்றார். யாரைப் பார்த்தாலும் கும்பிட்டார். ராஜப்பனையும் கும்பிட்டார்.

அலுவலகக் கண்காணிப்பாளர் முனியப்பன், தட்டச்சு செய்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தார்.

"ராஜப்பா, முழுசா உக்காந்து கேட்டவன் நீ ஒருத்தன்தான். ஜட்ஜுங்க வெளியூரு, அவங்க வர மாட்டாங்க. இதுல ஒரு கையெழுத்தப் போடு."

தாளில், அம்மாணவி நாட்டின் ஒற்றுமைக்கு எதிராகப் பேசியதைத் தாம் நேரில் கேட்டதாக இருந்தது.

"சீட்டுல வந்ததுங்களே சார். அந்தப் பொண்ணு 'வேணாம்'னு பேசத்தான் படிச்சுட்டு வந்துச்சு."

"அது எனக்குத் தெரியாதா? வெளிய இருக்கறவனுக்குச் சீட்டும் தெரியாது, பீக்கரும் தெரியாது. அவனுக்கு யாராச்சும் ஒருத்தர் தப்புப் பண்ணியிருக்கணும். இல்லீனா மேடம் மேல போவும், அப்புறம் பிரின்சிபால் மேல போவும்."

"அதுவும் சரிதானுங்களே," என்று ராஜப்பனின் வாய் சொன்னது. கை பேனாவை எடுக்கவில்லை. "ஆனா சார், எதிரா பேசுச்சான்னு எனக்கு வெளங்கலைங்க. ரெண்டு நாள் டைம் குடுங்க."

மத்தியானம் நிர்மலா மேடம் இன்னொரு தாளோடு வந்தார். அதில் இருபது பேர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மலர்விழி பேசிய கருத்துகள் முற்றிலும் நியாயமானவை, அவற்றில் பிழை ஏதுமில்லை என்று இருந்தது. ராஜப்பன் இரண்டுமுறை படித்தார்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. இதுல 'பிழை ஏதுமில்லை'ன்னு எழுதியிருக்குதுங்க. அருள்குமாரு அந்தக் கெணத்துக் கதை சொன்னதுக்கப்புறம், அதுவும் எனக்குத் தெரியலைங்களே."

"ராஜப்பன், இது தெரியுறது தெரியாதது பத்தி இல்ல. அந்தப் பொண்ணக் காப்பாத்தணும்."

"காப்பாத்தணுங்க மேடம். காப்பாத்தத்தான் வேணும்." மேடம் தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார். கதவருகே அவர் திரும்பிப் பார்த்த பார்வை உறைத்த அளவுக்கு, முனியப்பன் திட்டியிருந்தால்கூட உறைத்திருக்காது.

அன்று சாயங்காலம் செல்லி முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். ராஜப்பன் எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு பேச்சையும் ஆதியோடு அந்தமாக இன்னொருமுறை ஒப்பித்தார். செல்லிக்குப் பிறந்த ஊர் ஒகேனக்கல்லுக்கு அக்கரை. பரிசலில் ஏறி ஆற்றைத் தாண்டினால் கர்நாடகம். அங்கே ரேஷன் கார்டு கன்னடத்தில் இருக்கும், வீட்டுப் பேச்சு தமிழில் இருக்கும்.

"பிரிச்சாங்கன்னா எங்கம்மா வூட்டுக்குப் போவ பாஸ்போர்ட்டு எடுக்கணுமா?" என்று கேட்டாள்.

"எடுக்க வேண்டி வரும்போல."

"அப்ப வேணாம்."

ராஜப்பனுக்கு ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. அப்புறம் சொன்னார்: "ஆனா நீ வேணாங்கறது உங்கம்மா வூடு அங்க இருக்கறதால. அந்தப் பொண்ணு சொல்றது, வேணாம்னு சொல்றதுக்கும் உனக்கு ஒரு உரிமை இருக்கணுமில்ல? கேக்கவே இல்லாம வச்சிருந்தா?"

செல்லி அவரைக்காயைக் கீழே வைத்தாள். "உங்களுக்குப் பைத்தியம் புடிச்சிருக்குது. நாடு பிரியுதோ சேருதோ, அது உங்க கையில இல்ல. அந்தப் பொண்ணு பரீட்சை எழுதணுமா வேணாமா? அத மட்டும் சொல்லுங்க."

"எழுதணும்."

"அவ்வளவுதான," என்று சொல்லிவிட்டு மறுபடியும் உரிக்க ஆரம்பித்தாள். அவளுக்கு விஷயம் முடிந்துவிட்டது. ராஜப்பனுக்கு முடியவில்லை. பரீட்சை எழுதவேண்டும் என்பதற்காக, தெரியாததைத் தெரியும் என்று எந்தத் தாளில் எழுதிக்கொடுப்பது?

விசாரணை வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நடந்தது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் பிரின்சிபாலும் இரண்டு பேராசிரியர்களும். இந்தப் பக்கம் நாற்காலி இருந்தது, ராஜப்பன் உட்காரவில்லை.

"அந்த மாணவி பிரிவினையைத் தூண்டிப் பேசினாரா? ஆமாவா, இல்லையா?" என்று பிரின்சிபால் கேட்டார்.

"சார், அந்தப் பொண்ணு பேசும்போது, 'ஆமா, இந்த உரிமை வேணும்'னு எனக்குத் தோணுச்சுங்க. அந்தப் பையன் பேசும்போது, 'அய்யோ, வேணவே வேணாம்'னு தோணுச்சுங்க. தூண்டுனாங்கன்னா ரெண்டு பேருமேதான் என்னத் தூண்டுனாங்க."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"முழுசாச் சொன்னாத்தானுங்க சார் எனக்கே வெளங்கும்."

சொல்ல ஆரம்பித்துவிட்டார். கதவு, சாப்பாட்டுத் தட்டு, கிணறு, கயிறு, மாவட்டம், தாலுகா எல்லாம் வரிசையாக வந்தன. மலர்விழி கையை உயர்த்திய இடத்தில் அவரும் உயர்த்தினார். அருள்குமார் மூச்சு வாங்கிய இடத்தில் நிறுத்தினார். யார் பக்கமும் ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நிறுத்தச் சொல்லப் பிரின்சிபால் இரண்டு தடவை வாய் திறந்தார். பிறகு அவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் குழுவில் இருந்த வயதான பேராசிரியர், "பையன் சொன்னதுதான் சட்டம். அரசியலமைப்பில் அதற்கு இடமே கிடையாது," என்றார்.

"இடம் இல்லை என்பது சரி. இருக்க வேண்டுமா என்பதுதானே கேள்வி? கதவு விஷயத்துக்கு அவன் பதிலே சொல்லவில்லையே," என்றார் இன்னொருவர்.

"கதவு என்ன கதவு? ஒரு குடும்பமும் ஒரு தேசமும் ஒன்றா?"

"கிணறும் தேசமும் மட்டும் ஒன்றா?"

இருவரும் நாற்காலியை ஒருவரையொருவர் பார்க்கத் திருப்பிக்கொண்டார்கள். பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தடவினார். ராஜப்பன் முதலாமவர் பேசும்போது அவர் பக்கமும் இரண்டாமவர் பேசும்போது இவர் பக்கமும் தலையாட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் பிரின்சிபால் மேசையைத் தட்டினார்.

"போதும். இதைப் பெரிதாக்க வேண்டாம். அந்தப் பெண் ஒரு வருத்தக் கடிதம் எழுதிக் கொடுக்கட்டும். ஃபைலில் ஒரு தாள் இருந்தால் போதும். பரீட்சை எழுதலாம்."

விசாரணைக்கு அழைக்கப்பட்டு வெளியே காத்திருந்த மலர்விழியிடம் முனியப்பன் இதைச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "எதுக்கு வருத்தம்னு எழுதணும் சார்? சொல்லுங்க, எழுதறேன்." "யோசிச்சு எழுதிக் கொண்டா. சாயங்காலம் நாலு மணிக்குள்ள," என்று ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தார்.

அந்தத் தாளோடு அவள் ஆய்வகத்துக்கு வந்தாள். முதலாண்டு மாணவர்கள் அப்போதுதான் போயிருந்தார்கள். ராஜப்பன் பிப்பெட்டுகளைத் தாங்கியில் தலைகீழாக வைத்துக்கொண்டிருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, தாளை ஈர மேசையில் படாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணா, நான் பேசுனது எனக்கே நம்பிக்கை இல்லாம பேசுனது. சீட்டுல வந்துச்சு, பேசுனேன். ஆனா பேசி முடிச்சதுலேருந்து அது சரியோன்னு இருக்குது. அப்புறம் அருள்குமார் சொன்னத நெனச்சா, தப்போன்னு இருக்குது. எது தப்புன்னு தெரிஞ்சாத்தான வருத்தம்னு எழுத முடியும்?"

"எனக்கும் அப்புடித்தான் கண்ணு இருக்குது."

"நீங்க பத்தொம்பது வருசமா கேக்கறீங்க. உங்களுக்கே தெரியலையா?"

"கேக்கக் கேக்கத்தான் தெரியாமப் போச்சு."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் கண்ணீர் வந்தது. துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். மணி மூன்றரை. ராஜப்பன் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டு அவளெதிரே நின்றார்.

"போட்டிக்கு மொத்தம் மூனு ரூலு. எதிராளியப் பேரு சொல்லித் திட்டக்கூடாது. நீ திட்டல. தாளப் பாத்துப் படிக்கக்கூடாது. நீ படிக்கல. நேரம் தாண்டக்கூடாது. நீ தாண்டல. நாலு நிமிசத்துக்கு எட்டு செகண்டு மிச்சம் வச்சே உக்காந்துட்ட."

"நல்லாத் தெரியுமாண்ணா?"

"இந்த விசயத்துல எனக்கு நல்லாத் தெரிஞ்சது இது ஒன்னுதான் கண்ணு."

மலர்விழி தாளை நேராக்கிக்கொண்டாள். பிறகு குனிந்து, நிறுத்தாமல் நான்கு வரி எழுதினாள். எழுதியதை அவரிடம் காட்டாமல் எழுந்து அலுவலகத்துக்கு நடந்தாள். என்னவோ ஏதோ என்று ராஜப்பனும் பின்னால் போனார்.

முனியப்பன் கடிதத்தை உரக்கப் படித்தார். "விவாதப்போட்டியில் எனக்கு ஒதுக்கப்பட்ட நான்கு நிமிட நேரத்தைத் தாண்டிப் பேசியதற்காக மனப்பூர்வமாக வருந்துகிறேன். இனி இத்தவறு நேராது." படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். உள்ளே போய்ப் பிரின்சிபாலிடம் காட்டினார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பா எரிச்சலா என்று சொல்ல முடியாத ஒன்று இருந்தது.

"சரிங்கறாரு. வருத்தம்னு ஒரு வார்த்தை இருக்குதுல்ல, போதுங்கறாரு. ஆனா வெறும் லெட்டர ஃபைல்ல வச்சா நாளைக்கு யாராச்சும் கேப்பான். நேரம் பாத்தவரு சரின்னு கீழ கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும்." தாளை மேசையில் திருப்பி வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். "போடறியா ராஜப்பா? இல்ல இதுக்கும் ரெண்டு நாள் டைம் வேணுமா?"

சுவர்க் கடிகாரத்தில் நான்கு அடிக்க ஆறு நிமிடம் இருந்தது. மலர்விழி அவரைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளோடு வந்திருந்த அப்பா வாசலில் கும்பிட்ட கையை இன்னும் இறக்கவில்லை.

ராஜப்பன் பேனாவை வாங்கினார். குனிந்து, "மேற்கண்டது உண்மை" என்று எழுதி, கீழே தன் பெயரை இனிஷியலோடு முழுதாக எழுதினார். அந்த எட்டு நொடி ஞாபகம் வந்தது. பிறகு "உண்மை" என்ற சொல்லுக்கு அடியில், மை பின்பக்கம் தெரியும்படி அழுத்தி, ஒரு கோடு இழுத்தார்.